சத்தப் பலகை

என் வீட்டுக்காரிக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். மற்ற வீடுகளில் சண்டை என்றால் தெருமுனை வரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் நான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றால்தான் சண்டை நடப்பதே தெரியும். கல்யாணமான புதிதில் இந்தச் சூட்சுமம் புரியாமல், ஏதோ கொஞ்சுகிறாள் என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நானோ பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவன் அலறியடித்து எழுந்து இறங்கும்படி ஸ்டாப் பெயரைச் சொல்வதுதான் என் பிழைப்பு. எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தவர்கள் எதை யோசித்துச் சேர்த்தார்களோ.

அவளுக்கு அந்தக் குரலைக் கொடுத்தது ஒரு கட்டடம். என் பஸ் போகும் வழியில், துறைமுகத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இருக்கிறது அந்தத் தொடக்கப்பள்ளி. ஒண்ணாம் வகுப்பு டீச்சராக அங்கே சேர்ந்தவள், வேறு வகுப்பும் கேட்கவில்லை, வேறு பள்ளிக்கும் போகவில்லை. அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு முதல் எழுத்தை அவள்தான் கையைப் பிடித்து எழுத வைத்தாள். புருஷன்காரன் அளக்கிறான் என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். அவளைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டும், சொல்லத்தான் போகிறேன்.

பள்ளிக்கூடத்தைக் கட்டியது ஒரு வெள்ளைக்காரத் துரை. துறைமுக ஆபீசில் குனிந்து எழுதுகிற குமாஸ்தாக்களின் பிள்ளைகளும் நாளைக்குக் குனிந்து எழுதத் தயாராக வேண்டுமே, அதற்காக. வாசலுக்கு மேலே கல்லில் வருஷம் வெட்டியிருக்கிறது. கடைசி எண்ணை மழை தின்றுவிட்டதால், பள்ளிக்கூடத்தின் வயதை அவரவர் இஷ்டத்துக்குக் கூட்டலாம், குறைக்கலாம். துரையின் படம் உள்ளே தொங்குகிறது. பெரிய மீசை. எங்கே போனாலும் அவர் கண் கூடவே வரும் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். நானும் ஒரு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தேன். வரத்தான் செய்கிறது.

அந்தத் துரைக்குச் சுவரில் நம்பிக்கை இல்லை. நீளமாக ஒரே கூடம், உயரத்தில் விட்டங்கள், நடுவில் ஒரு மேடை, மேடை மேல் கால் நீண்ட ஒரு நாற்காலி. அதில் ஏறி உட்கார்ந்த ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் கண்ணாலேயே மேய்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அவர் காலத்தில் அது நடந்ததோ என்னவோ. பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்துக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். விளக்கு மாட்டுவதற்கு விட்டமெல்லாம் இரும்புக் கொக்கி அடித்தார்கள். பட்டாளம் போயிற்று, துரைமாரும் கப்பலேறினார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். வகுப்புக்கு ஒரு வாத்தியார் என்று ஆயிற்று. அப்போது அந்தக் கொக்கிகளில் கயிறு கட்டி, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டார்கள். தட்டி கண்ணை மறைக்கும். காதை எப்படி மறைக்கும்?

என் வீட்டுக்காரி சேர்ந்த காலத்தில் அங்கே ஐந்து வாத்தியார்களும் ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் "மாட்டுக்கு எத்தனை கால்?" என்று கேட்பார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு அதன் கணக்குக்கு விடையாகப் "பதினாறு!" என்று ஒரே குரலில் சொல்லும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாட்டுக்குப் பதினாறு கால் என்று பவ்வியமாக எழுதிக்கொள்வார்கள். இந்த மாதிரித் தப்பு வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடக்காது.

ஐந்தாம் வகுப்புக்கு அப்போது ஒரு இளவட்ட வாத்தியார் வந்திருந்தார். பிள்ளைகள் அவருக்கு 'இடி' என்று பெயர் வைத்தார்கள். அவர் பாடம் எடுத்தால் கூரைத் தகரம் அதிரும். அவர் ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற நான்கு வகுப்புக்கும் அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம்தான்.

முதல் மாதம் அவள் தினமும் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தாள். நான் என் தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன்.

"தொண்டைல கத்தாதம்மா. அடிவயித்துல இருந்து எடுத்து விடு. இப்ப பாரு..." என்று ஒரு ஸ்டாப் பெயரை எடுத்து விட்டேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் ஏதோ கீழே விழுந்தது.

அவள் வெந்நீரைக் குடித்துக்கொண்டே, "எல்லாரும் கத்தினா யாருக்குங்க கேக்கும்?" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க டிப்போல செவப்பு பெயிண்ட் கெடைக்குமா?" என்று கேட்டாள்.

பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சின பெயிண்டைக் கொண்டுவந்தேன். உடைந்த பெஞ்சுப் பலகை ஒன்றை அளவாக அறுத்து, இழைத்து, சிவப்படித்து, மேலே துளை போட்டுக் கயிறு கோத்தாள். அடுத்த வாரம் வகுப்புக்கு ஒன்றாக ஐந்து ஆணி. பலகை எந்த வகுப்பின் ஆணியில் தொங்குகிறதோ அந்த வகுப்புதான் சத்தம் போடலாம்: பாட்டு, வாய்ப்பாடு, வாசிப்பு எல்லாம். மற்ற நான்கும் எழுதும், படம் போடும், மனசுக்குள் படிக்கும். மணி அடித்ததும் பலகை அடுத்த ஆணிக்குப் போகும். யோசனையைக் கேட்டு இடி வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"என் குரலுக்குப் பூட்டுப் போடறீங்களா டீச்சர்?"

"பூட்டு இல்ல சார். சாவி. முதல்ல உங்ககிட்டயே குடுக்கறேன்."

தினமும் முதல் மணி ஐந்தாம் வகுப்புக்கு என்று விட்டுக்கொடுத்தாள். அவர் பலகையை வாங்கித் தன் ஆணியில் மாட்டினார். விட்டுக்கொடுத்தே காரியத்தைச் சாதிக்கிற அந்த வித்தையில் நான் வீட்டில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன்.

பிள்ளைகள் அதற்குச் 'சத்தப் பலகை' என்று பெயர் வைத்தார்கள். பலகைச் சட்டத்துக்குக் கட்டுப்படாதது மழை ஒன்றுதான். கூரைத் தகரத்தில் மழை இறங்கினால் பலகையை மேடை நாற்காலியில் வைத்துவிடுவார்கள். மழையின் முறை என்று அர்த்தம். அது முடிகிற வரைக்கும் கூடம் முழுக்கக் கணக்குப் போடும்.

அவள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வருஷ ஆரம்பத்தில் புதிதாக வரும் பிள்ளை அம்மாவை விட்டுவிட்டு அழுமே, அப்போது அவள் தூக்கிக் கொஞ்சவும் மாட்டாள், அதட்டவும் மாட்டாள். போய்ச் சத்தப் பலகையை வாங்கிக்கொண்டு வந்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பாள். "இப்ப உன் முறை. நல்லா அழு." கையில் அதிகாரம் வந்ததும் பிள்ளைக்கு அழுகை மறந்துபோகும். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஒரே ஒரு பையன் மட்டும் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை முழுவதும் அழுது தீர்த்தான். மற்ற நான்கு வகுப்பும் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டே இருந்தன. அந்தப் பையன்தான் இன்றைக்கு அங்கே தலைமை ஆசிரியர். இப்போதும் அவள் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பான்.

ஆனால் பலகை ஐந்தில் ஒரு மணிதான் அவளிடம் இருக்கும். மற்ற நேரம் ஆறு வயதுப் பிள்ளைகளை வாயே திறக்காமல் எப்படி மேய்ப்பது? அதற்கென்று ஒரு குரலைச் செய்து வைத்திருந்தாள். அவள் வகுப்பின் கடைசிப் பிள்ளை வரை போகும், தட்டியோடு நின்றுவிடும். ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்திப் பிழிந்து அனுப்புவாள். வெளியாட்களுக்கு ஏதோ தேன் ஒழுகுகிற மாதிரி இருக்கும். அதற்கு என்ன விலை என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

பலகை அவள் ஆணிக்கு வரும்போது மட்டும் பாட்டு. எண் கற்பிக்க அவளே கட்டின பாட்டு. பிள்ளைகள் கண்ணுக்கு எதிரே இருப்பதையெல்லாம் அதில் போட்டிருந்தாள். அவள் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள்.

ஒரு மணி, ரெண்டு கதவு,
மூணு பானை, நாலு தட்டி,
அஞ்சு வகுப்பு, ஆறு தூணு,
அத்தனையும் எங்க வீடு!

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். என் பஸ்ஸில் டிரைவர் கியர் மாற்றும்போது முணுமுணுப்பார். அவரும் அவள் கையில் படித்தவர்தான்.

இத்தனைக்கும் அவளுக்கு அந்தப் பலகை பிடிக்காது. "இது ஒட்டுப்போட்ட சட்டைங்க. புதுச் சட்டை வர்ற வரைக்கும்தான்" என்பாள். வருஷா வருஷம் தலைமை ஆசிரியர் யாராக இருந்தாலும் அவரிடம் போய் நின்று, நான்கு சுவர் கட்டித் தரச் சொல்லி மேலிடத்துக்கு மனு எழுத வைப்பாள். வருஷா வருஷம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். பரிசீலனை என்பதும் துரை கட்டின கூடம் போல ஏதோ பெரிய இடம் போலிருக்கிறது. உள்ளே போனது எதுவும் வெளியே வந்ததில்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த வருஷம் அவள் குரல் கரகரத்தது. சளி என்றாள். பிறகு சீதோஷ்ணம் மாறுகிறது என்றாள். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மகள் வந்து அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "டாக்டர், வாழ்க்கை பூராக் கத்தினவன் நான். இவ ஒரு நாள் கத்தினதில்ல. முடிச்சு எனக்கில்ல வந்திருக்கணும்?"

"கத்தறது மட்டும் இல்லைங்க" என்றார் டாக்டர். "சத்தத்துக்கு நடுவுல அழுத்தி அழுத்திப் பேசினாலும் இதே கதிதான். நீங்க கத்திட்டு வாயை மூடியிருப்பீங்க. இவங்க நாள் பூரா அழுத்தியிருக்காங்க."

ஆபரேஷன் முடிந்து பல வாரம் அவள் பேசவே இல்லை. வீடு எனக்குப் பிடிக்காமல் போயிற்று. பேச ஆரம்பித்தபோது குரல் நூலிழையாகத் திரும்பி வந்தது. மின்விசிறி ஓடினால் கேட்காது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: மெல்லப் பேசலாம், இயல்பாகப் பேசலாம், சத்தத்துக்கு மேலே ஏறிப் பேசினால் இதுவும் போய்விடும், பிறகு திரும்பாது.

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. கல்வி ஆபீசில் உட்கார்ந்த இடத்தில் வேலை தருகிறோம் என்றார்கள். புத்தகக் கட்டுகளைப் பிரித்துச் சீட்டு ஒட்டி அனுப்புகிற வேலை. மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, ஒரு பிள்ளை கிடையாது. மகள், "போம்மா, நிம்மதியா இரு" என்றாள். அவள் சேலைக்குக் கஞ்சி போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நானும் போனேன்.

அன்றைக்கு நான் கூடத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் மணி ஐந்தாம் வகுப்புக்கு. அது முடிந்து பலகை அவள் ஆணிக்கு வந்தது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவள் வாயைத் திறந்து, "ஒரு மணி, ரெண்டு கதவு" என்றாள். முன் வரிசைப் பிள்ளைகள் அவள் வாயையே பார்த்தார்கள். பின் வரிசையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். அவள் இன்னொரு தரம் சொன்னாள். கூடத்தில் பெஞ்சு நகர்கிற சத்தமும் தாள் புரட்டுகிற சத்தமும் அதை விழுங்கிவிட்டன. அவள் கை பலகைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

அப்போது கூடத்தின் அந்தக் கோடியில், ஐந்தாம் வகுப்பில், ஒரு பெண் எழுந்து நின்றாள். ரெட்டைச் சடை, மூக்குக் கண்ணாடி. பலகை இல்லாத வகுப்பில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவள் திறந்தாள்.

"ஒரு மணி, ரெண்டு கதவு!"

நான்கு தட்டிகளையும் தாண்டிக்கொண்டு வந்தது குரல். ஒண்ணாம் வகுப்பு பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிச் சொன்னது. அடுத்த வரிக்கு ஐந்தாம் வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. எல்லாம் அவளிடம் படித்த பிள்ளைகள். இடி வாத்தியார் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். அழுதேன்.

அதுவே வழக்கமாயிற்று. பலகை அவள் ஆணிக்கு வந்தால் குரல் ஐந்தாம் வகுப்பிலிருந்து வரும். அவள் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து கையைப் பிடித்து எழுத வைப்பாள், சைகை காட்டுவாள். வண்டி ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம், அவளைத் தவிர. அது எனக்குத் தெரியவில்லை.

வட்டாரக் கல்வி அதிகாரி ஒரு அம்மா. ஒரு நாள் வந்து பார்த்தார். பலகையைக் கையில் வாங்கி, அதன் சட்டதிட்டமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நல்ல ஏற்பாடு" என்றார். ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்த ரெட்டைச் சடைப் பெண் பாட்டை எடுத்துக் கொடுத்ததும் முகம் மாறியது. "இந்த வகுப்புக்கு யாருங்க டீச்சர்? நீங்களா, அந்தப் பொண்ணா?" என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் சுட்டது. "ரெண்டாம் பருவம் திறக்கற அன்னைக்கு வர்றேன். நீங்களே வகுப்பை நடத்திக் காட்டுங்க. முடியலைன்னா ஆபீஸ் வேலைதான். எனக்கும் வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், இத்தனை வருஷம் பரிசீலனையில் கிடந்த நான்கு சுவர் வெளியே வந்தது. பருவ விடுமுறையிலேயே கட்டி முடிப்பார்களாம். வந்ததே வந்தது, பத்து வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா! ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் இவள் வகுப்புக்கு வருகிற ஒரே வழியையும் அடைக்கவா இப்போது வர வேண்டும்?

தலைமை ஆசிரியர் ஓடி வந்தான். எங்கள் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பழங்காலக் கட்டடம், சுவர் வேணாம், அப்படியே இருக்கட்டும்னு எழுதிடலாம். இடி சார் உட்பட எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கோம். சுவர் இல்லாம இருந்தா அந்த அம்மாகிட்ட எப்படியாவது பேசி சமாளிச்சுக்கலாம்."

"அப்படிப் போடு!" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனிடம் கேட்டாள்: "நீ அன்னைக்குப் பலகையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதியே, ஞாபகம் இருக்கா?"

அவன் காது சிவந்தது. "இருக்கு டீச்சர்."

"நீ அழுத நேரம் பூரா மத்த நாலு வகுப்புக்கும் பாடம் போச்சு. அன்னைக்குத்தான் முதல் தடவை சுவர் கேட்டு மனுப் போடச் சொன்னேன். இப்ப வேணாம்னு எந்த வாயால சொல்றது? கட்டச் சொல்லுப்பா."

அவன் போனதும் நான் குதித்தேன். "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? சுவர் வந்தா அந்தப் பொண்ணு குரல் எப்படி உள்ள வரும்?"

"வரக் கூடாதுங்க."

"என்னது?"

அவள் குரல் இன்னும் இறங்கியது. கோபம்தான். நான் கிட்டே போனேன். "அந்தப் பொண்ணோட கணக்கு நோட்டைப் பாத்தேன். வகுத்தல் அத்தனையும் தப்பு. கெட்டிக்காரப் பொண்ணுங்க அது. ஒரு காது எப்பவும் என் வகுப்புலயே கெடக்கு, டீச்சருக்கு எப்ப நம்ம குரல் வேணுமோன்னு. அந்த வகுப்புல எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். எனக்குக் குரல் குடுக்கறதுக்கா அதுங்க பள்ளிக்கூடம் வருது?"

"சரி, நீ என்ன பண்ணுவ? அந்த அம்மா வந்து நிக்கறப்ப என்ன பண்ணுவ?"

"தெரியலைங்க."

அவள் வாயிலிருந்து 'தெரியலை' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பயந்துபோய் இருந்தாள். பயத்தோடேயே சுவர் கட்டச் சொன்னாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் கையெழுத்து வாங்க ஊரையே திரட்டியிருப்பேன். பெரிய மனசு என்று மற்றவர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கிறேன்; அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். இருந்தும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் சுபாவம் அது.

விடுமுறையில் கொத்தனார்கள் வந்தார்கள். தட்டிகளை அவிழ்த்து முற்றத்தில் போட்டுவிட்டு, வகுப்புக்கு வகுப்பு வராந்தாப் பக்கம் ரெட்டைக் கதவு வைத்தார்கள். பட்டாளத்துக் கொக்கிகள் மட்டும் விட்டத்தில் மிஞ்சின. மேடை மூன்றாம் வகுப்போடு போயிற்று, துரையின் படமும் அங்கேயே மாட்டிக்கொண்டது. இனிமேல் அவரால் ஒரு வகுப்பைத்தான் மேய்க்க முடியும். நான் தினமும் போய்ச் சுவர் எழும்புவதைப் பார்த்து வயிற்றெரிச்சல் பட்டேன். அவள் வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, மகளின் பழைய பொம்மைகளை உட்கார வைத்து மெல்லிய குரலில் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

பருவம் திறந்த அன்று காலையில் வெந்நீரை ஊற்றிவிட்டு மூடாமலே கிளம்பினாள். பிளாஸ்க்கை நான்தான் மூடினேன். சத்தப் பலகை இனி யாருக்கும் வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் அவளிடமே கொடுத்திருந்தான். அதைத் தன் வகுப்புக் கதவின் வெளிப்பக்க ஆணியில் மாட்டினாள். அதிகாரி அம்மா வந்தார், உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது.

நான் வராந்தாவில் நின்றேன். முதலில் நாற்பது பிள்ளைகளின் இரைச்சல். பிறகு அது தேய்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. கதவில் காதை வைத்தேன். அவள் குரல் கேட்கவில்லை. சரி, முடிந்தது, குரல் போய்விட்டது, பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஒரு மணி, ரெண்டு கதவு!"

பிள்ளைகள்தான். கூரை அதிர்ந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தப் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். ஒருத்தன் ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிடுவார்கள். அவள் சொல்லித்தான் சொல்கிறார்களா, தானாகச் சொல்கிறார்களா? மறுபடி அமைதி. நான் அடுத்த வரியை எனக்குள் சொன்னேன்: மூணு பானை, நாலு தட்டி.

"மூணு பானை, நாலு சுவரு!"

நாற்பது பேரும் ஒன்றாக. ஒரு பிள்ளை கூடத் 'தட்டி' என்று சொல்லவில்லை. பாட்டை அவள் இப்போதுதான், அந்த அறைக்குள், மாற்றியிருக்கிறாள். கதவில் காதை ஒட்டி நிற்கிற எனக்குக் கேட்காத அந்தக் குரல், கடைசி வரிசைப் பிள்ளை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. முட்டி மோத வேறு சத்தம் இல்லாத இடத்தில் அந்த நூலிழை போதுமாக இருந்திருக்கிறது. நான்கு சுவரும் அவளை அடைத்துப் போடும் என்று நான் வயிறெரிந்தேன். மடையன் நான்.

கதவைத் திறந்துகொண்டு அதிகாரி அம்மா வெளியே வந்தார். என்னால் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரோடு, அடிவயிற்றிலிருந்து, கடைசி சீட்டு எழுந்து இறங்குகிற குரலில் கேட்டேன்:

"அம்மா! என் வீட்டுக்காரி ஒண்ணாங்கிளாஸ்லயே இருக்கலாமா?"

வராந்தா கோடியில் இடி வாத்தியார் தலையை நீட்டிப் பார்த்தார். அதிகாரி அம்மா உதட்டில் விரலை வைத்து, கதவில் தொங்குகிற சிவப்புப் பலகையைக் காட்டினார்.

"இருக்கட்டும். ரெண்டு வருஷமும் இங்கயே இருக்கட்டும். நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பலகை அவங்ககிட்ட இருக்கு."

"சரிங்கம்மா" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னேன். அதைக் கேட்க என் வீட்டுக்காரி பக்கத்தில் இல்லையே என்பது ஒன்றுதான் குறை.